திருகாணியில் ஒரு சிவப்புப் பொட்டு

மரம் அறுக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கார்புரேட்டரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. நான் மூன்று வருடத்தில் கற்றதை நீங்கள் போனில் பார்த்து மூன்று நாளில் கற்றுக்கொள்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை ஏன் மூடினீர்கள் என்று கேட்டார். வயதாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதி உண்மை. மீதியைப் பேசிச் சொல்ல அலுப்பாக இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு வருகிறவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நான்கு பழைய செயின்சாக்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று இங்கே கொச்சியில், தேவராவில் மூடப்பட்ட ஒரு படகுப் பட்டறையிலிருந்து வந்தது. இரண்டு, மலைத்தோட்டம் ஒன்றில் இரும்பு விலைக்குப் போக இருந்தவை. நான்காவதன் கதையைப் பிறகு சொல்கிறேன். நான்கும் உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பு செய்யப்பட்டவை. எதிலும் சங்கிலியை நிறுத்தும் பிரேக் கிடையாது. கைப்பிடியில் ரப்பர் கிடையாது. அரை மணி நேரம் பிடித்தால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். இவற்றை நான் அழகுக்காக வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓடக்கூடியவற்றை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டுவேன். ஓட்டாமல் வைத்தால் உள்ளே ரப்பர் எல்லாம் காய்ந்துவிடும்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதை போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஓட்டல்காரர் வரவேற்பறையில் வைக்க வாங்கிப் போனார். டாங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. தங்க வந்தவர் ஒருவர் விளையாட்டாகக் கயிற்றை இழுத்தார். பதினைந்து வருடம் பழகிய மெஷின், ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது. ஒரு திரைச்சீலையும் மேசையின் ஒரு மூலையும் போயின. ஆளுக்கு ஒன்றும் இல்லை. காட்சிக்குக் கொடுக்கும் மெஷினில் பிளக்கையும் சங்கிலியையும் கழற்றிவிடுங்கள். இது சின்னப் பாடம். பெரிய பாடத்துக்கு எனக்கு அறுபத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

இந்தப் பழைய மெஷின்களில் பெட்ரோல் எவ்வளவு போகவேண்டும் என்பதை ஒரு சிறு திருகாணிதான் முடிவு செய்கிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், சத்தம் கூர்மையாகும். வெளியே திருகினால் பெட்ரோல் கூடும், சத்தம் கரகரக்கும். சரியான இடம் அந்தக் கரகரப்பு அடங்கப்போகும் நேரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே திருகிவிட்டால் மெஷின் அருமையாகக் கூவும், பத்து நாளில் செத்துப்போகும். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நீங்கள் இதற்கு மீட்டர் வைத்துப் பார்க்கிறீர்கள். எனக்கும் ஒருவர் ஒரு மீட்டர் பரிசளித்தார். அது உறை பிரிக்காமல் என் இழுப்பறையில் கிடந்தது. நான் காதால் வைப்பேன். சரியாக வைத்த பிறகு திருகாணியின் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்புக் குப்பி. பின்னால் யாராவது திருகினால் அந்தப் பொட்டு உடைந்து காட்டிக்கொடுக்கும். வாடிக்கையாளர்கள் கைவைத்துவிட்டு என்னைக் குறை சொல்லக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

செல்லப்பாண்டி தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர். கொச்சியில் விழுகிற மரங்களையும் விழப்போகிற மரங்களையும் அறுப்பது தொழில். அவரிடம், சங்கிலி சுற்றி ஓடும் தகடு முப்பது அங்குல நீளமுள்ள ஒரு பழைய மெஷின் இருந்தது. பெயின்ட் எல்லாம் போய் என்ன நிறம் என்றே தெரியாது. என் படிக்கட்டுக்கு அடியில் இருந்த நான்காவது மெஷினும் அதே வகைதான். பெரிய தூங்குமூஞ்சி மரங்களுக்கு அவர் வேறு எதையும் நம்பமாட்டார். அவரோடு மனைவியின் தம்பி கணேசன் வேலை செய்தார். நாற்பதைத் தாண்டியவர். கயிறு பிடிப்பதும் பெட்ரோலில் ஆயில் கலப்பதும் அவர் பொறுப்பு.

ஒரு மாசி மாதம் அந்த மெஷினைச் சுத்தம் செய்து, திருகாணி வைத்து, பொட்டு வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு முன்னாலேயே இருந்த கடையின் வாசலில் செல்லப்பாண்டி ஓட்டிப் பார்த்தார். அவர் காதில் அடைப்பான் இருந்தது. கணேசன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அண்ணே, சத்தம் முன்ன மாதிரி இல்லையே. கீச்சுன்னு இருக்கு."

"ஆயில் கலக்குறவருக்குச் சத்தமும் தெரியுமா?" என்றேன்.

செல்லப்பாண்டி சிரித்தார். "இவன் எங்க ஊர்ல நாதசுரம் வாசிக்கிறவன் பக்கத்து வீடு அண்ணே. அந்தத் திமிரு."

கணேசனும் சிரித்துவிட்டு மெஷினை வண்டியில் ஏற்றினார்.

ஒன்பதாம் நாள் மெஷின் திரும்பி வந்தது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பக்கத்துச் சுக்குக் கிடங்கில் சாப்பாட்டு நேரம். சுமைதூக்குகிறவர்கள் நான்கைந்து பேர் என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனில், புகை வெளியேறும் பக்கம் மட்டும் ஆழமான கீறல்கள். எதிர்ப்பக்கம் பளபளவென்று இருந்தது.

இங்கே நின்று படியுங்கள். ஆயில் கலக்காமல் ஓட்டிய பிஸ்டனில் கீறல் பெரும்பாலும் சுற்றிலும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் முதலில் பெட்ரோல் குறைவாகப் போனதா என்று பார்க்கவேண்டும். இதை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆயில் போதல," என்றேன்.

செல்லப்பாண்டி திரும்பினார். "என்ன மாப்ள?"

"கலந்தேன் மாமா. அஞ்சு லிட்டருக்கு இருநூறு மில்லி. அளந்துதான் ஊத்துனேன்."

"அளந்தா ஏன்டா பிடிக்குது?"

"அன்னைக்கே சத்தம் சரியில்லன்னு சொன்னேன்ல?"

"பிஸ்டன் பொய் சொல்லாது," என்றேன் நான். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கிடங்குக்காரர்களில் ஒருவர், "மறந்திருப்பான், போட்டே, விட்டுடு," என்று சமாதானம் சொன்னார். அதுவும் கணேசன் மீது வைத்த தீர்ப்புதான்.

கடை வைப்பதற்கு முன்னால் சில வருடங்கள் ஒரு செய்தித்தாளுக்கு மட்டாஞ்சேரிச் செய்திகள் எழுதிக் கொடுத்தேன். கண்ணால் பார்த்தது எது, ஒருவர் சொன்னது எது என்று பிரித்து எழுதாவிட்டால் அங்கே செய்தி திரும்பி வந்துவிடும். நான் பார்த்தது ஒரு பக்கக் கீறல். ஆயில் போதவில்லை என்பது என் வாய் சொன்னது. அன்று திருப்பி அனுப்ப யாரும் இல்லை.

அந்த வாரமே கணேசன் வேலையிலிருந்து போய்விட்டார். செல்லப்பாண்டி போகச் சொன்னாரா, அவரே போனாரா என்பது எனக்குத் தெரியாது. அக்கா வீட்டிலிருந்தும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காக்கநாட்டில் ஒரு கம்பெனி வளாகத்தின் கேன்டீனில் பாத்திரம் கழுவுவதாக செல்லப்பாண்டி ஒரு நாள் சொன்னார். "வீட்டுக்காரி சோறு ஆக்கி வெச்சா, தம்பி சாப்ட்டானோன்னு ஒரு அழுகை. அவதான் அன்னைக்கு அவனப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குனா. இப்ப அவளே அழுவுறா."

அந்த வருடத்தில் வேறு நான்கு மெஷின்களும் பிடித்துக்கொண்டு வந்தன. இப்போது வருகிற பெட்ரோலில் என்னத்தையோ கலக்கிறார்கள் என்றேன். பெட்ரோலைக் குறை சொன்னால் யாரும் மறுப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நம்பினேன்.

செல்லப்பாண்டியின் மெஷினுக்கு பிஸ்டன் எங்கும் கிடைக்கவில்லை. சின்ன மெஷினை வைத்துக்கொண்டு பெரிய வேலைகளை அவர் விட்டுக்கொண்டிருந்தார். மழை தொடங்கும் சமயத்தில் நான் ஒரு முடிவு செய்தேன். என் நான்காவது மெஷினைத் திறந்து அதன் பிஸ்டனையும் சிலிண்டரையும் எடுத்து அவர் மெஷினில் பொருத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்கும் ஒரு நிறைவு. ஒரு சனிக்கிழமை மாலை திருகாணி வைத்து, பொட்டு வைத்துக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் படகுத்துறைப் பக்கம் ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அறுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. மழை விட்டிருந்தது. படகுப் பட்டறை மெஷினை முற்றத்தில் வைத்துக் கிளப்பினேன். சத்தம், சில மாதங்களாக இருந்ததைவிடவும் மந்தமாக இருந்தது. துணி போட்டு மூடியதுபோல. திருகாணி தளர்ந்துவிட்டது என்று நினைத்து, திருப்புளியோடு குனிந்தேன். பொட்டு உடையாமல் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் வைத்த பொட்டு. நிறம் கறுத்திருந்தது, ஆனால் ஒரு மயிரிழைகூட விரிசல் இல்லை.

பொட்டை உடைக்கத் திருப்புளியை வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். உடைக்கவில்லை. இன்னொரு மெஷினை ஓட்டினேன். அதுவும் மந்தம். அதிலும் பொட்டு சரியாக இருந்தது. இரண்டு மெஷின்கள் ஒரே மாதிரி ஒரே மாதத்தில் கெட்டுப்போகாது. சமையலறையிலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"இதோட சத்தம் மாறியிருக்கா, கேளு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இல்லையே. இது பழையபடி தானே கரகரங்குது."

"கரகரங்குதா?"

"பின்னே? நேத்து செல்லப்பாண்டிக்கு ஓட்டிக் காட்டினீங்களே, அதாக்கும் கூவினது. காது கிழிஞ்சு போச்சு. ஒரு வருஷமா நீங்க சரியாக்குற மெஷின் எல்லாம் அப்படித்தானே கூவுது. இப்போ வர மெஷின் எல்லாம் அப்படியாக்கும்னு நான் நினைச்சேன்."

மெஷினை அணைத்தேன். எனக்கு வேண்டிய கூர்மை காதில் விழும்வரை நான் உள்ளே திருகிக்கொண்டே இருந்திருக்கிறேன். என் காதில் கூர்மை விழுவது நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பிஸ்டன் பொய் சொல்லவில்லை.

செல்லப்பாண்டிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை செய்யும்போது போனைச் சட்டையோடு கழற்றி வண்டியில் மாட்டிவிடுவார். படகுப் பட்டறை மெஷினைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். அதில் போட்டிருந்த தகடும் நீளம்தான். நான் கையில் திருப்புளியை எடுக்கவில்லை என்பது ஆட்டோ பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது. எடுத்திருந்தாலும் பயன் இல்லை.

மரம் சந்துக்குக் குறுக்கே சாய்ந்து ஒரு ஓட்டு வீட்டின் சுவரில் படுத்திருந்தது. வீட்டுக்காரர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். மின்கம்பிக்காரர்கள் இரண்டு பேர், வார்டு உறுப்பினர், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று சந்து நிறைந்திருந்தது. செல்லப்பாண்டி அடிமரத்தின் பக்கவாட்டில் பலகை கட்டி நின்றுகொண்டு மேலிருந்து அறுத்துக்கொண்டிருந்தார். கால்வாசி இறங்கியிருந்தது. பாதியில் மெஷின் பிடித்துக்கொண்டால் தகடு மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பாதி அறுந்த மரம் தன் பாரத்திலேயே கிழிந்து திரும்பும். ஒன்று சுவர் போகும், அல்லது பலகையில் நிற்கிறவர் போவார். மெஷின் என் காதுக்கு மிக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

கயிறு பிடித்திருந்த புதிய ஆளிடம் போய்க் கையை ஆட்டினேன். அவர் மேலே பார்த்துக் கயிற்றைச் சுண்டினார். செல்லப்பாண்டி மெஷினை அணைத்துவிட்டு அடைப்பானைக் கழற்றினார்.

"என்னண்ணே?"

"இறங்கு. அந்த மெஷின் வேண்டாம். இத வெச்சு அறு."

"ஏன், அருமையா இழுக்குதே?"

மின்கம்பிக்காரர்களில் ஒருவர், "எந்தா சேட்டா, நிர்த்தியோ? லைன் போட்டுக் குடுக்கணும்," என்று, அறுப்பை நிறுத்தியதற்காகச் சலித்துக்கொண்டார். வார்டு உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒரு வாஷர் போட மறந்துவிட்டேன், பழைய பிஸ்டனில் சந்தேகம் இருக்கிறது, எதையாவது சொல்லி மெஷினை மாற்றியிருக்கலாம். மரமும் பத்திரமாக இறங்கியிருக்கும், என் பெயரும் இருந்திருக்கும். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கும் வரும். அது வரும்போது மிக நியாயமான பேச்சுபோலத்தான் வரும்.

"எனக்குக் காது போயிருக்கு," என்றேன். "திருகாணிய அளவுக்கு மேல உள்ள வெச்சுட்டேன். ஒரு வருஷமா அப்படித்தான் வெச்சிட்டிருக்கேன். இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

செல்லப்பாண்டி பலகையில் உட்கார்ந்துவிட்டார். வேறு யாருக்கும் அது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. மின்கம்பிக்காரர் பீடி பற்றவைத்தார்.

"அப்ப மாசி மாசம்?"

"அதுவும் நான்தான். கணேசன் கலந்தது சரி."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெஷினைக் கீழே நீட்டினார், நான் மற்றதை மேலே நீட்டினேன். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. என் காதுக்கு அது மந்தமாகவே கேட்டது. திருகாணியில் பொட்டு இருந்தது. அதை நம்பி நின்றேன். முக்கால் மணி நேரத்தில் அடிமரம் மூன்று துண்டாகச் சந்தில் இறங்கியது. நான்கைந்து ஓடுகள்தான் உடைந்தன.

சாயா குடிக்கும்போது செல்லப்பாண்டி சொன்னார்: "அண்ணே, நான் போய்ச் சொன்னா அவன் நம்ப மாட்டான். சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைப்பான். நீங்களே போங்க."

திங்கட்கிழமை காக்கநாட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். கேன்டீனின் பின்வாசலில் வரிசையாகத் தொட்டிகள். தட்டுகள் மோதும் சத்தம். கணேசன் ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் முன்துணியும் போட்டிருந்தார். என்னைப் பார்த்தும் குழாயை மூடவில்லை. ஒரு பக்கக் கீறலிலிருந்து சிவப்புப் பொட்டுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பிஸ்டனப் பாத்தப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருக்கணும்."

"அது பதில் இல்லண்ணே."

"கண்ணு பாத்துச்சு. நான் ஒத்துக்கல."

தட்டைத் தொட்டியில் போட்டார். "மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும்."

"எங்க அக்காகிட்ட?"

"இல்ல."

"அவ ஒரு வார்த்த சொன்னா. நம்மளப் பெத்த ஐயா கள்ளுல தண்ணி கலந்து வித்த கை, ஒனக்கு ஆயில் கலக்க வரலையாடான்னு. மாமா ஏசுனது ஒண்ணும் இல்ல. அது மெஷின் போன கோபம்."

திரும்பி வருகிறீர்களா என்று கேட்டேன். இங்கே மழையில் நனைய வேண்டியதில்லை என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"மெதுவா பேசுங்கண்ணே. உள்ள வேல செய்யுறவங்க எல்லாருக்கும் கேக்குது."

நான் கத்திப் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. மனைவியும் ஒரு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினேன். கணேசன் குழாயை மூடினார்.

"அக்கா வீட்டுக்குப் போறப்ப மட்டும் இப்ப பேசுன மாதிரியே பேசுங்க," என்றார். "அது லைன் வீடு, சுவரோட சுவர். ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் கேக்கணும்."

அன்று மாலையே போனேன். அவர் சொன்னபடியே பேசினேன். மறுநாளிலிருந்து கடையைத் திறக்கவில்லை.